டெக் மொழியின் அடிப்படைக் கட்டளைகளுக்குப் பெயர் வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அச்சுக்கோப்பு வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு டெக் (TeX) என்ற, பக்கங்களை அமைக்கும் கணினி மொழியைச் சொல்லிக்கொடுக்கிறேன். முதல் வாரம் எல்லாரும் சூத்திரம் எப்படி, அட்டவணை எப்படி என்று கேட்பார்கள். மூன்றாவது வாரத்தில் யாராவது ஒருவர் "இதுக்கு ஏன் சார் இந்தப் பேரு?" என்று ஆரம்பிப்பார். அப்படி வந்த கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்ச்சொல்லிலேயே இங்கே சேர்த்திருக்கிறேன்.

கட்டளைப் பெயர்களைப் பேச்சில் சொல்கிறபடியே தமிழ் எழுத்தில் போட்டிருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

அடிப்படைக் கட்டளைன்னா என்ன? நாம எழுதுற மேக்ரோவும் கட்டளைதானே?

இரண்டும் கட்டளைதான். பயன்படுத்தும்போது வித்தியாசம் தெரியாது. மேக்ரோ என்பது வேறு சில கட்டளைகளைக் கட்டிவைத்த மூட்டை. அதைப் பிரித்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் இனிப் பிரிக்க முடியாத ஒன்று வரும். அதை எஞ்சினே, அதாவது கோப்பைப் படித்துப் பக்கமாக்கும் நிரலே, நேரடியாகச் செய்துவிடும். அதுதான் அடிப்படைக் கட்டளை.

டொனால்ட் க்னூத் எழுதிய டெக்கில் இப்படிச் சுமார் 300 இருக்கின்றன. அவற்றின் மேல் அவரே கட்டிய 'பிளெயின் டெக்' இன்னும் சுமார் 600 பெயர்களைச் சேர்க்கிறது. அவருடைய கையேட்டின் சொல்லடைவில் அடிப்படைக் கட்டளைகளுக்கு மட்டும் நட்சத்திரக் குறி இருக்கும்.

ஒரு கட்டளை அடிப்படையா மேக்ரோவான்னு கையேடு பார்க்காம கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். \ஷோ என்ற கட்டளைக்குப் பக்கத்தில் சந்தேகப்படும் பெயரைப் போடுங்கள். \ஷோ\ஹெச்பாக்ஸ் என்றால் "ஹெச்பாக்ஸ் என்பது ஹெச்பாக்ஸ்" என்கிற மாதிரி அதே பெயர் திரும்ப வரும். அது அடிப்படைக் கட்டளை. \ஷோ\சென்டர்லைன் என்றால் "மேக்ரோ" என்று சொல்லிவிட்டு உள்ளே இருக்கும் சரக்கையும் காட்டும்.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: எஞ்சினுக்கு ஒவ்வொரு அடிப்படைக் கட்டளைக்கும் பிறந்த பெயர் ஒன்று உண்டு. நீங்கள் வேறு பெயரில் கூப்பிட ஏற்பாடு செய்தாலும் \ஷோ அந்தப் பிறந்த பெயரைத்தான் சொல்லும். பின்னால் இது தேவைப்படும்.

பெயரில் எண் போட்டா ஏன் ஏத்துக்க மாட்டேங்குது?

டெக்கில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு வகை எண் உண்டு. வகை 11 என்றால் எழுத்து. பின்சாய்வுக்கோட்டுக்குப் பிறகு வகை 11 வருகிற வரைக்கும்தான் பெயர் நீளும். எண், நிறுத்தக்குறி, இடைவெளி எது வந்தாலும் பெயர் அங்கேயே முடிந்துவிடும். எழுத்தில்லாத ஒற்றைக் குறியைப் பெயராக வைக்கலாம். அடிப்படைக் கட்டளைகளில் அப்படி மூன்றுதான்: பின்சாய்வுக்கோட்டுக்குப் பின் இடைவெளி, பின் சிறுகோடு, பின் முன்சாய்வுக்கோடு.

இதன் விளைவு ஒன்று எனக்கு எப்போதும் சிரிப்பு மூட்டும். ஒரு கோப்பை அடையாளம் காட்டும் எம்டி5 என்ற கைரேகையைக் கணக்கிட, டெக்கிலிருந்து பிறந்த பிடிஎஃப்டெக் எஞ்சினில் ஒரு கட்டளை வந்தது. பெயரில் 5 வர முடியாது. அதனால் \பிடிஎஃப்எம்டிஃபைவ்சம் என்று 'ஃபைவ்' என்பதை எழுத்தால் எழுதியே வைத்தார்கள். சம்பளக் காசோலையில் 'ரூபாய் ஐந்து மட்டும்' என்று எழுதுகிற மாதிரி.

ஹெச்பாக்ஸ், விபாக்ஸ், ஈடெஃப், ஜிடெஃப்... முன்னாடி இருக்கிற ஒத்த எழுத்தெல்லாம் என்ன?

அதுதான் க்னூத்தின் பெயர் இலக்கணம். ஹெச் கிடைமட்டம், வி செங்குத்து, எம் கணிதம். \ஹெச்ஸ்கிப், \விஸ்கிப், \எம்ஸ்கிப் மூன்றும் ஒரே வேலையின் மூன்று முகம். 'எவ்ரி' என்று தொடங்கினால் ஒவ்வொரு முறையும் தானாக ஓடுகிற சரக்கு, 'இஃப்' என்று தொடங்கினால் நிபந்தனை, 'அன்' என்று தொடங்கினால் பிரித்துப்போடுவது. \டெஃப் என்றால் வரையறு. \ஈடெஃப் என்றால் உள்ளே இருப்பதை இப்போதே விரித்து வரையறு. \ஜிடெஃப் என்றால் எங்கும் செல்லுபடியாகும்படி வரையறு. ஈயும் ஜியும் சேர்ந்தால் \எக்ஸ்டெஃப். இந்த எக்ஸ் மட்டும் கணக்கில் ஒட்டவில்லை. அதை மனப்பாடம் செய்துகொள்வதைத் தவிர வழியில்லை.

முதலிலிருந்தே எல்லாம் இப்படி இருந்ததா என்றால் இல்லை. 1978 கால டெக்கில் \ஹெச்பாக்ஸின் பெயர் \ஹெச்ஜஸ்ட், \விபாக்ஸின் பெயர் \விஜஸ்ட். மொழியையே திரும்ப எழுதி டெக்82 வந்தபோது பெயர்களும் மாறின. 'ஜஸ்ட்' என்பது இழுத்துச் சரிக்கட்டுகிற செயலைச் சொல்கிறது, 'பாக்ஸ்' என்பது கையில் கிடைக்கிற பொருளை, எழுத்துகளை அடுக்கிய பெட்டியைச் சொல்கிறது. அப்புறம் அந்தப் பொருளின் அகலம், உயரம், அதைப் பிரிப்பது, நகலெடுப்பது என்று பேசும்போது 'பாக்ஸ்' என்ற பெயர்தான் கைகொடுத்தது. பயனாளிகள் கொஞ்சம் பேர் இருந்த காலத்தில் அப்படி மாற்ற முடிந்தது.

ஹெச்ஃபில்லும் ஹெச்ஃபில்லும் ஒண்ணா சார்?

வேறு வேறு. இரண்டும் மிச்ச இடத்தை நிரப்ப விரியும் இடைவெளிதான். ஒன்றில் ஆங்கில எல் ஒன்று, மற்றதில் இரண்டு. எல் கூடக்கூட விரியும் சக்தி கூடும். இரண்டு எல் இருக்கும் இடத்தில் ஒரு எல் வாயைத் திறக்காது. அளவுகளில் மூன்று எல் கூட உண்டு, ஆனால் அதற்கென்று தனி அடிப்படைக் கட்டளை கிடையாது.

கண்ணால் படிக்கும்போது அழகான ஏற்பாடு. காதால் கேட்டால் அவஸ்தை. "ஹெச்ஃபில் போடுப்பா" என்று போனில் சொன்னால் மறுமுனையில் இருப்பவர் எதைப் போடுவார்? தமிழ் எழுத்தில் எழுதினாலும் இதே கதிதான், மேலே கேள்வியைப் பாருங்கள். பெயர் வைக்கிறவர் அதை வாய்விட்டு ஒரு தடவை சொல்லிப்பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஃபி, சிஆர், ரிலாக்ஸ், விடோ பெனால்ட்டி... இதெல்லாம் யோசிச்சு வச்ச பேருதானா?

ஆமாம், ஒவ்வொன்றுக்கும் ஓர் ஊர் உண்டு. \ஃபி என்பது 'இஃப்' என்பதைத் திருப்பிப்போட்டது. நிபந்தனையை முடிக்க இப்படி எழுதுவது ஆல்கால்68 மொழியிலிருந்து வந்த பழக்கம். \சிஆர் தட்டச்சு இயந்திரத்தின் வண்டியை வரியின் தொடக்கத்துக்குத் திருப்புவதன் சுருக்கம், அட்டவணையில் வரிசை முடிந்தது என்று பொருள். எழுத்துகளுக்கு நடுவே இடத்தைக் கூட்டிக்குறைக்கும் \கெர்ன் ஈய எழுத்துக் காலத்துச் சொல். பக்கத்தின் தலையில் ஒரு பத்தியின் கடைசி வரி மட்டும் தனியாக நின்றால் அச்சுக்காரர்கள் அதற்கு விதவை என்று பெயர் வைத்திருந்தார்கள். அதற்கான அபராதம் \விடோபெனால்ட்டி. இன்று யாரும் அந்தச் சொல்லைப் புதிதாகத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

\ரிலாக்ஸ் எனக்குப் பிடித்தது. அது எதுவுமே செய்யாது. "சும்மா இரு" என்று எஞ்சினுக்குச் சொல்வது. ஓர் எண் எங்கே முடிகிறது என்று தெரியாமல் எஞ்சின் மேலே மேலே படித்துக்கொண்டே போகும்போது இதைக் குறுக்கே போட்டால் நின்றுவிடும்.

டெக்குக்கு முன்னாடி இருந்தவங்க எப்படிப் பேரு வச்சாங்க?

பெல் ஆய்வகத்தில் 1970களில் எழுதப்பட்ட ட்ராஃப் மொழியில் எல்லாக் கட்டளைக்கும் அதிகபட்சம் இரண்டே எழுத்து. சிஇ என்றால் நடுவில் வை, எஸ்பி என்றால் இடம் விடு, பிஆர் என்றால் வரியை முறி. அங்கேயும் எஃப்ஐ உண்டு, ஆனால் வரிகளை நிரப்பு என்று பொருள். டெக்கின் \ஃபிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

பயனாளி எழுதும் மேக்ரோவுக்கும் அதே இரண்டு எழுத்துதான். அப்படியென்றால் எது யாருடையது? பழக்கத்தால் ஒரு தீர்வு கண்டார்கள்: அடிப்படைக் கட்டளைகள் சின்ன எழுத்தில், மேக்ரோக்கள் பெரிய எழுத்தில். பத்திக்குப் பிபி, தலைப்புக்கு எஸ்ஹெச். எந்த விதியும் கட்டாயப்படுத்தாமலேயே அது நின்றது.

பிறகு ஜேம்ஸ் கிளார்க் ட்ராஃபைப் புதிதாக எழுதிய க்ராஃப் நீளப் பெயர்களை அனுமதித்தது. உடனே ஒரு சிக்கல். பழைய மொழியில் கட்டளைக்கும் அதற்கு அடுத்த சொல்லுக்கும் நடுவே இடைவெளி விடாமல் எழுதலாம். 'டிஎஸ்ஏபிசிடி' என்று ஒட்டி எழுதினால், 'ஏபி' என்ற பெயருக்கு 'சிடி' என்று பொருள் கொடு என்று பழைய மொழி புரிந்துகொள்ளும். க்ராஃப் அதையே ஆறெழுத்துப் பெயருள்ள ஒரு மேக்ரோ என்று படிக்கும். பழைய கோப்புகளுக்காகத் தனியாக ஓர் ஒத்திசைவு முறையே வைக்க வேண்டியிருந்தது.

க்னூத்தே இன்னும் நிறைய கட்டளை வச்சிருக்கலாமே?

அன்றைய கணினியில் இடம் இல்லை. அவர் வெளியிட்ட மூல நிரலில் கட்டளைப் பெயர்களுக்கான அட்டவணையின் அளவு 2,100. அதற்குள்ளேதான் அடிப்படைக் கட்டளைகள், பிளெயின் டெக், நீங்கள் எழுதும் மேக்ரோ எல்லாம் அடங்க வேண்டும்.

1990இல் டெக் 3.0 வந்தபோது \லாங்குவேஜ், \எமர்ஜென்சிஸ்ட்ரெச், \பேட்னெஸ் மாதிரி சிலவற்றைச் சேர்த்தார். அதோடு கதவைச் சாத்திவிட்டார். அதற்குப் பிறகு பிழை திருத்தம் மட்டும்தான். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பதிப்பு எண் பை என்ற மாறிலியை நோக்கி ஓர் இலக்கம் நகரும். 2021இல் 3.141592653 ஆனது. நிரலை மாற்றுகிறவர்கள் மாற்றலாம், ஆனால் அதற்கு டெக் என்று பெயர் வைக்கக் கூடாது என்பது அவர் நிபந்தனை. அதனால்தான் இத்தனை எஞ்சின், இத்தனை பெயர்.

புதுசா ஒரு பேரு சேர்த்தா யாருக்கு என்ன நஷ்டம்? நான் அந்தப் பேரையே பயன்படுத்தலைன்னா?

பயன்படுத்தாதவருக்கு நஷ்டமில்லை. அந்தப் பெயரை ஏற்கெனவே வேறு வேலைக்கு வைத்திருப்பவருக்குத்தான் அடி. டெக்கில் எல்லாப் பெயரும் ஒரே சந்தையில்தான் கிடக்கும். பெட்டி பெட்டியாகப் பிரித்துவைக்கிற வசதி கிடையாது.

ஒருவர் \டெஃப் போட்டுத் தன் மேக்ரோவை எழுதியிருந்தால் தப்பித்தார். எஞ்சினின் புதுக் கட்டளை சத்தமில்லாமல் மறைந்து அவர் மேக்ரோ நிற்கும். டெக்கின் மேல் கட்டிய மேக்ரோத் தொகுப்பான லேடெக்கின் \நியூகமாண்ட் போட்டிருந்தால், "இந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது" என்று பிழை வரும். பத்து வருஷம் ஓடிய கோப்பு எஞ்சினைப் புதுப்பித்த மறுநாள் நின்றுவிடும். \புரொவைட்கமாண்ட் போட்டிருந்தால்தான் ஆபத்து அதிகம். பெயர் இருக்கிறது என்று பார்த்துவிட்டு அவருடைய வரையறையை ஓசையில்லாமல் விட்டுவிடும். பிழைச்செய்தி வராது, பக்கம் மட்டும் கோணலாக வரும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. நீங்கள் \டெஃப் போட்டு மறைத்த பெயரை, புதுக் கட்டளையை நம்பி எழுதிய ஒரு பேக்கேஜ் (பிறர் எழுதிய மேக்ரோத் தொகுப்பு) கூப்பிட்டால் அதற்குக் கிடைப்பது உங்கள் மேக்ரோ.

அப்போ ஈ-டெக் முன்னொட்டு இல்லாமலே எப்படித் தப்பிச்சது?

டெக்கை விரிவாக்கி 1996இல் வந்த ஈ-டெக் என்ற எஞ்சின் இரண்டு தந்திரம் செய்தது. முதலாவது, புதுக் கட்டளைகள் தாமாக வராது. ஃபார்மட் கோப்பை (அடிப்படை மேக்ரோக்களை முன்கூட்டியே ஏற்றிவைத்த கோப்பு) தயாரிக்கும்போது முதலில் ஒரு நட்சத்திரக் குறி கொடுத்தால்தான் விரிவுபட்ட முறை திறக்கும். கொடுக்காவிட்டால் பழைய டெக் மாதிரியே நடந்துகொள்ளும். இரண்டாவது, பெயர்கள் வேலையை அப்படியே சொல்பவை: \நம்எக்ஸ்பர், \டிடோக்கனைஸ், \இஃப்டிஃபைண்டு. சாதாரணப் பயனாளி தன் கட்டுரையில் ஒரு மேக்ரோவுக்கு இப்படிப் பெயர் வைப்பது அபூர்வம்.

முழுசாகத் தப்பித்தது என்றும் சொல்ல முடியாது. கான்டெக்ஸ்ட் என்ற ஃபார்மட்டில் \அன்எக்ஸ்பாண்டட் என்ற பெயர் வேறு பொருளில் புழங்கியது. அங்கே அது செய்த வேலையை ஈ-டெக்கில் \புரொடெக்டட் என்ற கட்டளை செய்கிறது. ஈ-டெக்கின் \அன்எக்ஸ்பாண்டட் செய்வது இன்னொன்று. வெகுகாலம் கான்டெக்ஸ்ட் தன் பெயரை விட்டுக்கொடுக்கவில்லை. எஞ்சினின் கட்டளையை அங்கே \நார்மல்அன்எக்ஸ்பாண்டட் என்று கூப்பிட வேண்டியிருந்தது.

முன்னொட்டு போட்டா இந்தத் தொல்லையே இல்லையே? எல்லாரும் ஏன் போடல?

போட்டவர்கள் இருக்கிறார்கள். ஹான் தே தான் என்பவர் உருவாக்கிய பிடிஎஃப்டெக்கில் பெரும்பாலான புதுக் கட்டளை 'பிடிஎஃப்' என்று தொடங்கும். ஜொனாதன் கியூ எழுதிய ஸீடெக் என்ற எஞ்சினில் அதன் பெயரே முன்னொட்டு. மேலே சொன்ன மோதல் எல்லாம் இவற்றில் அநேகமாகக் கிடையாது. யார் தன் மேக்ரோவுக்கு \ஸீடெக்இன்டர்சார்டோக்ஸ் என்று பெயர் வைக்கப்போகிறார்?

மோதல் போய்விடும், சரி. ஆனால் முன்னொட்டு ஒரு வாக்குறுதியும்கூட. "இது இந்த எஞ்சினுடையது" என்று அது சொல்கிறது. அந்த வாக்குறுதி பொய்க்கும்போது என்ன ஆகிறது என்பதுதான் அடுத்த கேள்வி.

பிடிஎஃப்ஸ்டர்கம்ப்னு ஒண்ணு இருக்கே, அதுல பிடிஎஃப் எங்க வருது?

எங்கேயும் வரவில்லை. இந்தத் தொகுப்பை எழுதத் தூண்டியதே இந்தக் கேள்விதான். \பிடிஎஃப்ஸ்டர்கம்ப் இரண்டு எழுத்துச் சரங்களை ஒப்பிட்டு, ஒன்றா, எது முன்னால் என்று சொல்லும். பிடிஎஃப் கோப்புக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. தற்செயல் எண் கொடுக்கும் \பிடிஎஃப்யூனிஃபார்ம்டீவியேட், கோப்பின் அளவு சொல்லும் \பிடிஎஃப்ஃபைல்சைஸ், நேரத்தை அளக்கும் \பிடிஎஃப்எலாப்ஸ்டுடைம், முன்னால் சொன்ன எம்டி5 எல்லாம் இந்த ரகம். அந்த எஞ்சினில் பிறந்ததால் குடும்பப் பெயர் ஒட்டிக்கொண்டது.

பிறகு மற்ற எஞ்சின்களுக்கும் இந்த வசதி வேண்டியிருந்தது. சரங்களை ஒப்பிடும் கட்டளைக்கு ஸீடெக்கில் பிடிஎஃப் என்ற முன்னொட்டு எதற்கு? முன்னொட்டைக் கழற்றி \ஸ்டர்கம்ப் என்று வைத்தார்கள். லுவா என்ற நிரல்மொழியை உள்ளே வைத்திருக்கும் லுவாடெக் எஞ்சின், அந்தக் கட்டளையே வேண்டாம், லுவாவில் நாலு வரி எழுதிக்கொள்ளுங்கள் என்றது. ஆக, ஒரே வேலைக்கு ஓரிடத்தில் ஒரு பெயர், இன்னோரிடத்தில் வேறு பெயர், மூன்றாவது இடத்தில் பெயரே இல்லை. மூன்றிலும் ஓட வேண்டிய மேக்ரோ எழுதுகிறவர் முதல் பத்து வரியை எந்த எஞ்சினில் இருக்கிறோம் என்று துப்பறிவதிலேயே செலவழிக்கிறார். இதைச் சமன்செய்வதற்கென்றே பிடிஎஃப்டெக்சிஎம்டிஎஸ் என்று ஒரு பேக்கேஜ் வந்தது.

இதில் யாரையும் குறை சொல்ல மாட்டேன். அந்த நேரத்தில் பாதுகாப்பான பெயர் அதுதான். ஆனால் பெயரில் பிறந்த வீட்டைச் சேர்த்துவிட்டால், அந்தக் கட்டளை புகுந்த வீட்டுக்குப் போகும்போது பெயர் மாற்ற வேண்டிவரும். செய்கிற வேலையைப் பெயராக வைத்திருந்தால் அப்படியே போயிருக்கும். பிறகு \எக்ஸ்பாண்டட் என்ற கட்டளை பல எஞ்சின்களிலும் முன்னொட்டில்லாமல் ஒரே பெயரில் வந்து சேர்ந்தது. டெக் மென்பொருள்களின் ஆண்டுத் தொகுப்பான டெக் லைவின் 2019 பதிப்பில் அது நிறைவேறியபோது நான் உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன்.

லுவாடெக்ல பழைய பேரையெல்லாம் தூக்கிட்டாங்களாமே?

ஆமாம், 2016 வாக்கில், 0.85 பதிப்பில். பிடிஎஃப்டெக்கிலிருந்து வந்த கட்டளைகளை லுவாடெக் இரண்டாகப் பிரித்தது. பொதுவானவற்றுக்கு முன்னொட்டைக் கழற்றியது: \பிடிஎஃப்பேஜ்விட்த் வெறும் \பேஜ்விட்த் ஆனது, \பிடிஎஃப்சேவ்பாஸ் \சேவ்பாஸ் ஆனது, \பிடிஎஃப்அவுட்புட் \அவுட்புட்மோட் ஆனது. நிஜமாகவே பிடிஎஃப் சம்பந்தப்பட்டவற்றை \பிடிஎஃப்எக்ஸ்டென்ஷன், \பிடிஎஃப்வேரியபிள், \பிடிஎஃப்ஃபீட்பேக் என்ற மூன்று வாசலுக்குள் அடக்கியது. பல டஜன் பெயர் இருந்த இடத்தில் மூன்று பெயர். ஒவ்வொன்றுக்கும் பின்னால் என்ன வேண்டும் என்று ஒரு சொல்லால் சொல்ல வேண்டும். இந்தத் துறையில் நான் பார்த்த பெயர் சீரமைப்புகளில் இதுதான் சுத்தமானது.

வலியும் அதே அளவு. அந்த வருஷம் ஒரு வாடிக்கையாளரின் பழைய வார்ப்புரு எங்களிடம் வந்தது. பிழைச்செய்தி எதுவும் இல்லை, ஆனால் படங்கள் ஒழுங்காக உட்காரவில்லை. ஒரு நாள் முழுக்கத் தேடினோம். உள்ளே இருந்த ஒரு பழைய மேக்ரோ \பிடிஎஃப்அவுட்புட் என்ற பெயர் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் பிடிஎஃப்புக்குப் பதில் டிவிஐ என்ற பழைய வடிவத்தில் வெளியிடும் முறை என்று முடிவெடுத்துக்கொண்டிருந்தது. பெயரைக் கூப்பிடுகிறவர்கள் மட்டுமல்ல, பெயர் இருக்கிறதா என்று எட்டிப்பார்க்கிறவர்களும் அதை நம்பித்தான் இருக்கிறார்கள். லுவாடெக்85 என்ற சின்ன பேக்கேஜ் பழைய பெயர்களை மீட்டுத் தந்தது. நாங்கள் அதைப் போட்டு அன்றைய வேலையை முடித்தோம்.

முன்னொட்டை நாமே முடிவு பண்ண முடிஞ்சா நல்லாருக்குமே?

லுவாடெக்கில் அது நடக்கும். வெறும் எஞ்சினை ஃபார்மட் இல்லாமல் தொடங்கினால் பழைய டெக்82 கட்டளைகளும் \டைரக்ட்லுவா என்ற ஒன்றும்தான் கிடைக்கும். மற்றதையெல்லாம் ஃபார்மட் எழுதுகிறவர் லுவா வழியாகத் திறந்துவிட வேண்டும். திறக்கும்போது விரும்பிய முன்னொட்டைக் கொடுக்கலாம், வெறுமையாகவும் விடலாம். லேடெக்கில் முதலில் 'லுவாடெக்' என்ற முன்னொட்டோடு திறந்திருந்தார்கள். 2015 வாக்கில் அதைக் கைவிட்டு, அசல் பெயரிலேயே திறக்க ஆரம்பித்தார்கள். சுதந்திரம் கொடுத்தால் ஆளுக்கொரு முன்னொட்டு வரும், கையேட்டில் ஒரு பெயரும் கோப்பில் இன்னொரு பெயரும் இருக்கும். அதனால் இந்த வசதி இருப்பதில் சந்தோஷம், அதிகம் பேர் பயன்படுத்தாததில் இன்னும் சந்தோஷம்.

ஹெச்பாக்ஸை நான் \லெட் போட்டு வேற பேருக்கு மாத்தினா அது பேரு மாறினதா ஆகுமா?

ஆகாது, இரண்டாவது பெயர் கிடைக்கும். \லெட் பொருளை நகலெடுக்கிறது. \ஷோ போட்டால் பிறந்த பெயரே வரும் என்று முன்பே சொன்னேன். பெரிய ஃபார்மட்கள் இதைத்தான் நம்பியிருக்கின்றன. \எண்ட் என்பது டெக்கில் வேலையை முடித்து வெளியேறும் அடிப்படைக் கட்டளை. லேடெக் அந்தப் பெயரைச் சூழல்களை முடிப்பதற்கு எடுத்துக்கொண்டு, அசலை இரண்டு அட் குறியோடு '@@எண்ட்' என்று ஒளித்துவைத்திருக்கிறது. \இன்புட்டுக்கும் அதே கதை. லேடெக்3 குழு இன்னும் ஒருபடி மேலே போய் அடிப்படைக் கட்டளைகள் அனைத்துக்கும் 'டெக்' என்று தொடங்கி 'டி' என்று முடியும் மறுபெயர் வைத்தது. அந்த டி-க்கு 'தொடாதே' என்று அர்த்தம்.

நகல் எடுத்துவைக்காமல் ஒருவர் அசல் பெயரை அழித்துவிட்டால்? லுவாடெக்கிலும் ஸீடெக்கிலும் \பிரிமிட்டிவ் என்ற கட்டளை பெயரின் பிறந்த பொருளையே எடுத்துத் தரும். பிடிஎஃப்டெக்கில் அதன் பெயர் என்ன என்று இந்நேரம் நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

எல்லாம் இங்கிலீஷ்லதான் இருக்கணுமா? தமிழ்ல வைக்கக் கூடாதா?

ஜப்பானியர்கள் வைத்திருக்கிறார்கள். ஜப்பானிய எழுத்துக்கான பீ-டெக் எஞ்சினில் மேலிருந்து கீழாக எழுத \டாடே, இடமிருந்து வலமாக எழுத \யோகோ, எண்ணைக் கான்ஜி எண்ணாக மாற்ற \கான்சுஜி. எழுத்து மட்டும் ரோமன், சொல் அவர்களுடையது. அந்த வேலைக்கு ஆங்கிலத்தில் பொருத்தமான சொல் தேடி அலையாமல் அச்சகத்தில் புழங்கியதையே வைத்தார்கள். சரியான முடிவு என்பேன்.

தமிழ் எழுத்திலேயே பெயர் வைக்க யூனிகோடு படிக்கும் எஞ்சின் வேண்டும். பழைய டெக்குக்கு ஒரு தமிழ் எழுத்து மூன்று பைட்டாகத் தெரியும், பெயரே உருவாகாது. ஸீடெக்கிலும் லுவாடெக்கிலும் வைக்கலாம், ஆனால் பெரும்பாலான உயிர்மெய் எழுத்து உள்ளே இரண்டு குறியீடு என்பதை மறக்கக் கூடாது. 'கா' என்பது க-வும் துணைக்காலும். துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாவற்றுக்கும் வகை 11 இருந்தால்தான் பெயர் முழுசாகச் சேரும். இல்லாவிட்டால் க-வோடு பெயர் முடிந்து, துணைக்கால் தனியாகத் தாளில் அச்சாகும்.

இன்னொன்று கண்ணுக்கே தெரியாது. 'கொ' என்பதில் கொம்பையும் காலையும் ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். எஞ்சின் அவற்றைச் சீராக்காவிட்டால் இரண்டும் வேறு வேறு பெயர். அப்புறம் நம் புணர்ச்சி. பெயருக்குள் இடைவெளி விட முடியாது, சொற்களை ஒட்டித்தான் எழுத வேண்டும். 'வரிஇடைவெளி'யா 'வரியிடைவெளி'யா? பயிற்சி வகுப்பில் ஒரு தடவை பத்துப் பேரை எழுதச் சொன்னேன், இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற வேறுபாடும் நமக்கு இல்லை. காமா என்ற கிரேக்க எழுத்தின் பெரிய வடிவையும் சின்ன வடிவையும் கட்டளைப் பெயரின் முதல் எழுத்தால் பிரிக்கிற வித்தை இங்கே செல்லாது.

நானே ஒரு சின்ன எஞ்சின் எழுதிட்டிருக்கேன். எப்படிப் பேரு வைக்கட்டும்?

புது மொழி என்றால் முதலில் பெயர்களைத் தனித்தனி அறைகளில் வைக்க வழிசெய்யுங்கள். டைப்ஸ்ட் என்ற புது அச்சுக்கோப்பு மொழி அப்படிச் செய்திருக்கிறது. கணக்கு சம்பந்தப்பட்டவை 'கால்க்' என்ற அறைக்குள் இருக்கும், வெளியே யாரோடும் மோதாது.

டெக் குடும்பத்திலேயே ஒன்று என்றால், இன்னோர் எஞ்சினுக்கும் என்றாவது தேவைப்படுமா என்று ஒவ்வொரு கட்டளைக்கும் கேட்டுப்பாருங்கள். ஆமாம் என்றால் முன்னொட்டு வேண்டாம், வேலையைச் சொல்லும் கொஞ்சம் நீளமான பெயர் போதும். வேறெங்கும் அர்த்தமே இல்லாத கட்டளைக்கு முன்னொட்டு போடுங்கள். ஒரே குடும்பத்தில் இருபது கட்டளை சேர்கிறதென்றால் லுவாடெக்கின் மூன்று வாசலை நினைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே ஓர் எஞ்சினில் இருக்கும் வேலை என்றால் அந்தப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள், உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும். ஆனால் வேலையும் அப்படியே இருக்க வேண்டும். ஒரே பெயரில் கொஞ்சம் மாறிய வேலை மாதிரி மோசமானது வேறில்லை.

தப்பான பேரு வச்சு வெளியிட்டாச்சு. இனிமே மாத்தலாமா?

புதுப் பெயரைச் சேர்க்கலாம். பழையதை எடுக்க லுவாடெக் மாதிரி 1.0 வருவதற்கு முன்னாலேயே துணிய வேண்டும். பிடிஎஃப்டெக்கில் \பிடிஎஃப்ஆப்ஷன்பிடிஎஃப்மைனர்வெர்ஷன் என்று ஒரு கட்டளை இருந்தது. ஒரே பெயருக்குள் பிடிஎஃப் இரண்டு தடவை. பிறகு அதைச் சுருக்கி \பிடிஎஃப்மைனர்வெர்ஷன் என்று வைத்தார்கள். கையேட்டில் சுருக்கப் பெயரைத்தான் பரிந்துரைக்கிறார்கள், பழைய கோப்புகளுக்காக நீளப் பெயரையும் விட்டுவைத்திருக்கிறார்கள்.